லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு எந்த பிரவுசர்? மொரீஷியஸ்ல நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னுபோச்சு. அதுலருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா பக்கம் எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேரு, நல்லா ஓடிட்டு இருக்குற லேப்டாப்ப தூக்கிப்போட மனசு வராம விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்குற லினக்ஸ்ல மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கிட்டாங்க. பாதிப் பேருக்கு நான்தான் கூட உக்காந்து போட்டுக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை கோவில்ல தமிழ் வகுப்பு முடிஞ்சு எல்லாரும் கிளம்புற நேரத்துல யாராவது ஒருத்தர் பையிலருந்து லேப்டாப்ப எடுப்பாங்க, அப்புறம் பிரைவசிக்கு எந்த பிரவுசர் போடுறதுன்னு இதே கேள்விங்கதான் வரும். ஒவ்வொருத்தருக்கும் வாய்ல சொல்லிச் சொல்லி ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

லினக்ஸ் போட்டாச்சே, அதுவே பாதுகாப்புதானே? பிரவுசர்ல என்ன இருக்கு?

லினக்ஸ் நீங்க என்ன பண்றீங்கன்னு எங்கயும் போய் சொல்லாது, அது உண்மை. ஆனா நாள் பூரா நாம இருக்குறது பிரவுசருக்குள்ளதான். நியூஸ் படிக்கிறது, பேங்க், மெயில், பிள்ளைங்க ஸ்கூல் வேலை, கோவில் கணக்கு எல்லாமே அதுக்குள்ள நடக்குது. வீட்டுக்கு நல்ல பூட்டு போட்டுட்டு ஜன்னல தொறந்து வச்சா எப்படி? மின்ட்ல குரோம் போட்டு கூகுள் கணக்குல லாகின் பண்ணிட்டீங்கன்னா, கூகுளுக்கு உங்களைப் பத்தி தெரியுறது விண்டோஸ்ல தெரிஞ்ச அளவுக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

எனக்கு நேரமில்ல, எதைப் போடணும்னு மட்டும் சொல்லுங்க.

ஃபயர்பாக்ஸ். அதுல விளம்பரத்தையும், நம்மள பின்தொடர்ற ட்ராக்கரையும் தடுக்குற யூபிளாக் ஆரிஜின்ங்குற ஆட்-ஆன், அதாவது பிரவுசர்ல சேர்த்துக்குற சின்ன மென்பொருள். கீழ சொல்லியிருக்குற நாலஞ்சு செட்டிங். இது தினசரி வேலைக்கு. கூடவே டார் பிரவுசர் ஒண்ணு தனியா வச்சுக்கோங்க, யாருக்கும் தெரியாம ஒரு விஷயம் தேடணும், படிக்கணும்னா அதுக்கு. ஒரே பிரவுசர்ல எல்லாத்தையும் சாதிக்கணும்னு நெனச்சாதான் சிக்கல், ரெண்டா பிரிச்சுட்டா பெரும்பாலான பிரச்சினை அங்கயே முடிஞ்சுடும்.

குரோம் வேகமா இருக்கு, பழகிப்போச்சு. ஏன் வேணாம்ங்குறீங்க?

குரோம் கெட்ட மென்பொருள்னு நான் சொல்லவே மாட்டேன், ஹேக்கிங்கத் தடுக்குற விஷயத்துல அது ரொம்ப பலமானது. ஆனா அதை செய்யுற கம்பெனியோட வருமானத்துல பெரும்பகுதி விளம்பரத்துலருந்து வருது, அந்த எண்ணம் பிரவுசருக்குள்ளயும் தெரியுது. ரெண்டு விஷயம் பாருங்க. மத்த சைட்டுங்க நம்மள பின்தொடர வைக்கிற தேர்ட் பார்ட்டி குக்கிய (குக்கின்னா சைட்டு நம்ம பிரவுசர்ல விட்டு வைக்கிற சின்ன குறிப்பு) நிறுத்தப் போறோம்னு 2020லருந்து சொல்லிட்டே இருந்தாங்க, 2024 ஜூலைல அந்த திட்டத்தையே கைவிட்டாங்க. இன்னொண்ணு, ஆட்-ஆன் எல்லாம் இயங்குற முறைய மாத்தி மேனிஃபெஸ்ட் வி3ன்னு கொண்டுவந்தாங்க, 2025ல பழைய முறைய முழுசா நிறுத்துனாங்க, அதோட குரோம்ல யூபிளாக் ஆரிஜின் வேலை செய்யாமப் போச்சு. இப்ப அங்க இருக்குறது யூபிளாக் ஆரிஜின் லைட், பேருக்கு ஏத்த மாதிரி சக்தி கம்மி. ஃபயர்பாக்ஸ்ல முழு யூபிளாக் இன்னிக்கும் ஓடுது, எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்காக்னிட்டோல போனா போதாதா?

போதாது. அது உங்க கம்ப்யூட்டர்ல ஹிஸ்டரி, குக்கிய விட்டுவைக்காம மூடும், அவ்வளவுதான். நீங்க போற சைட், இன்டர்நெட் கம்பெனி, ஆபீஸ் நெட்வொர்க் எல்லாருக்கும் நீங்க வந்தது தெரியும். இன்காக்னிட்டோல இருந்தப்பவும் கண்காணிச்சாங்கன்னு 2020ல அமெரிக்காவுல கூகுள் மேல வழக்கு போட்டாங்க, 2024ல சமரசமாகி, சேர்த்து வச்சிருந்த கோடிக்கணக்கான பதிவுகள அழிக்க கூகுள் ஒத்துக்கிச்சு. அண்ணனுக்கு வாங்குற பர்த்டே பரிசு அவன் கண்ணுல படாம இருக்கணும்னா இன்காக்னிட்டோ சரி, அதுக்கு மேல அத நம்பாதீங்க.

ஃபயர்பாக்ஸ் மேலயும் புகார் இருக்கே?

இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. 2024 ஜூலைல வந்த 128ஆவது வெர்ஷன்ல விளம்பரம் எவ்வளவு பலன் தருதுன்னு அளக்குற ஒரு வசதிய நம்மகிட்ட கேக்காமலே ஆன் பண்ணி அனுப்புனாங்க, ஜனங்க கோவப்பட்டாங்க. 2025 பிப்ரவரில புது விதிமுறை போட்டப்போ 'உங்க டேட்டாவ விக்க மாட்டோம்'ங்குற பழைய வாக்கியத்த எடுத்துட்டாங்க, அதுக்கும் பெரிய எதிர்ப்பு, சில வரிகள மாத்தி எழுதுனாங்க. அது போக ஃபயர்பாக்ஸ செய்யுற மொசில்லாவோட வருமானத்துல பெரும்பங்கு கூகுள்தான் குடுக்குது, தேடல் பெட்டியில கூகுள டீஃபால்ட்டா வைக்கிறதுக்கு.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் ஃபயர்பாக்ஸையே சொல்றேன்னா, பிடிக்காத ஒவ்வொண்ணையும் ஆஃப் பண்ண அதுல இடம் இருக்கு, கோட் முழுக்க யாரு வேணா பாக்குற மாதிரி திறந்து கிடக்கு, ஒவ்வொரு சைட்டோட குக்கியும் தனித்தனி ஜாடியில போட்ட மாதிரி பிரிச்சு வைக்கிற வசதிய 2022 ஜூன்லருந்து எல்லாருக்கும் டீஃபால்ட்டா குடுத்துட்டாங்க. இன்னொரு பெரிய காரணம், குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாத்துக்கும் உள்ள ஓடுறது கூகுளோட ஒரே எஞ்சின், அதாவது சைட்ட ஸ்க்ரீன்ல காட்டுற உள்பகுதி. ஃபயர்பாக்ஸோட கெக்கோ எஞ்சினும் போயிடுச்சுன்னா லினக்ஸ்ல நமக்கு வேற வழியே ரொம்ப கம்மியாயிடும். எனக்கு அது கவலையான விஷயம்.

சரி, ஃபயர்பாக்ஸ்ல என்னென்ன மாத்தணும்?

செட்டிங்ஸ்ல ப்ரைவசி பக்கம் போங்க. ட்ராக்கிங் பாதுகாப்ப ஸ்டாண்டர்ட்லருந்து ஸ்ட்ரிக்ட்டுக்கு மாத்துங்க. எச்டிடிபிஎஸ் (பூட்டு போட்ட இணைப்பு) மட்டும்ங்குறத எல்லா விண்டோவுக்கும் ஆன் பண்ணுங்க. டேட்டா கலெக்ஷன்னு ஒரு பகுதி வரும், அதுல டிக் இருக்குறதெல்லாம் எடுத்துடுங்க. ஹோம் பக்கத்துல ஸ்பான்சர்னு போட்டு வர்ற ஷார்ட்கட், செய்தி எல்லாம் நிறுத்துங்க, தேடல் பக்கத்துலயும் ஸ்பான்சர் சஜஷன நிறுத்துங்க. தேடல் எஞ்சின டக்டக்கோவுக்கு மாத்துங்க. பிரெஞ்சுலயே நிறைய தேடுறவங்கன்னா குவான்ட்டையும் பாருங்க, அது பிரான்ஸ் கம்பெனி.

அப்புறம் யூபிளாக் ஆரிஜின். இந்தப் பேர்லயே கவனம் வேணும், ஏன்னா 'யூபிளாக்'னு மட்டும் பேரு வச்சு வேற ஆளுங்க நடத்துன சைட்டும் ஆட்-ஆனும் இருந்திருக்கு. ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆன் பக்கத்துல 'ஆரிஜின்'னு முழுப் பேரு இருக்குறத, ரேமண்ட் ஹில் செஞ்சதுன்னு பாத்து போடுங்க. போட்டதும் அது பாட்டுக்கு வேலை செய்யும். இதுக்கு மேல பத்து ஆட்-ஆன் போடாதீங்க, நிறைய ஆட்-ஆன் நீங்க பாக்குற எல்லா பக்கத்தையும் படிக்க அனுமதி வாங்கிக்குது, அது மட்டுமில்ல, அதுவே உங்கள அடையாளம் காட்டவும் செய்யும். ஏன்னு கீழ வர்றேன்.

பிரேவ் எப்படி? நிறைய பேரு அதத்தான் சொல்றாங்க.

எதையும் மாத்தாம, போட்ட உடனேயே நல்ல பாதுகாப்பு வேணும்னா பிரேவ் நல்ல தேர்வுதான். விளம்பரம், ட்ராக்கர் தடுக்குறது பிரவுசருக்குள்ளயே எழுதியிருக்கு, ஆட்-ஆனா இல்ல, அதனால குரோம் எந்த முறைய நிறுத்துனாலும் அதுக்கு பாதிப்பில்ல. பிரவுசரோட அடையாளங்கள சேத்து நம்மள கண்டுபிடிக்க, அதாவது ஃபிங்கர்பிரிண்ட் எடுக்க வர்ற சைட்டுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி பொய்யான பதில் குடுக்கும், அது நல்ல யோசனை. இத ஆரம்பிச்சவர்ல ஒருத்தர் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழிய உருவாக்குனவர்.

எனக்கு இருக்குற வருத்தம் ரெண்டு. ஒண்ணு, 2020 ஜூன்ல, ஒரு கிரிப்டோ சைட்டோட முகவரிய டைப் பண்ணுனா அவங்களுக்கு கமிஷன் வர்ற லிங்க்கா மாத்திப் போட்டது வெளிய வந்துச்சு, மன்னிப்பு கேட்டு நிறுத்துனாங்க. நம்ம டைப் பண்றத மாத்துறது சின்ன விஷயம் இல்ல. ரெண்டாவது, கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ், ஏஐ உதவியாளர்னு நெறைய சாமான் கூடவே வருது, வயசானவங்க தெரியாம அழுத்திடுறாங்க. பிரேவ் போட்டீங்கன்னா முதல் நாளே இதெல்லாத்தையும் மறைச்சுடுங்க. வீட்டுல ரெண்டாவது பிரவுசரா, அதாவது ஃபயர்பாக்ஸ்ல சரியா திறக்காத சைட்டுக்குன்னு நானும் பிரேவ்தான் வச்சிருக்கேன்.

லிப்ரவூல்ஃப்?

ஃபயர்பாக்ஸ எடுத்து, மொசில்லாவுக்கு தகவல் அனுப்புறத எல்லாம் வெட்டிட்டு, யூபிளாக்க உள்ளயே வச்சு, எல்லா பூட்டும் போட்டுத் தர்றதுதான் லிப்ரவூல்ஃப். தன்னார்வலர்கள் செய்யுறாங்க. எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா யாருக்குப் போடுறோம்னு யோசிச்சுப் போடணும்.

எங்க வகுப்பு ஆசிரியை ஒருத்தங்களுக்கு ஆசையா இதப் போட்டுக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மெயில திறந்து பாத்திருக்காங்க, மாலை 4 மணி ஆன்லைன் வகுப்புக்கு வந்த அழைப்பு '12:00'னு காட்டியிருக்கு. வகுப்பு முடிஞ்சே போச்சுன்னு நெனச்சு, பதறிப்போய் ஒவ்வொரு பிள்ளையோட அம்மாவுக்கும் போன் போட்டு மன்னிப்பு கேட்டிருக்காங்க. நடந்தது என்னன்னா, நாம எந்த ஊர்ல இருக்கோம்னு சைட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு லிப்ரவூல்ஃப் நேரத்த கிரீன்விச் நேரமா காட்டும், மொரீஷியஸ் அதுக்கு 4 மணி நேரம் முன்னாடி இருக்கு. பாதுகாப்பு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, நான்தான் அத முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும். அதே மாதிரி மூடுனதும் குக்கி எல்லாம் அழிஞ்சுடும், திறக்குறப்பல்லாம் லாகின் பண்ணணும். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி படம் ஓடுறதுக்கு வேண்டிய டிஆர்எம் ஆஃப்ல இருக்கும். இதெல்லாம் பரவால்லன்னு நினைக்கிறவங்களுக்கு இது அருமையான பிரவுசர்.

ஃபிங்கர்பிரிண்ட்னு சொல்றாங்களே, குக்கிய அழிச்சா போதாதா?

இதுதான் நம்மாளுங்க ரொம்ப கவனிக்க வேண்டிய விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஒரு சைட்ட திறந்ததும் பிரவுசர் நெறைய விஷயம் தானாவே சொல்லிடும். ஸ்க்ரீன் அளவு என்ன, எந்த ஓஎஸ் (விண்டோஸா லினக்ஸா), எந்த மொழி வேணும், டைம்சோன் என்ன, என்னென்ன ஃபாண்ட் இருக்கு, ஒரு படத்த வரையச் சொன்னா கிராஃபிக்ஸ் கார்டு எப்படி வரையுது. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சாதாரணம். எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும், குக்கியே தேவையில்ல. இன்டர்நெட் உரிமைக்காக வேலை செய்யுற ஈஎஃப்எஃப் அமைப்பு 2010லருந்து இத சோதிச்சுப் பாக்க ஒரு பக்கம் வச்சிருக்காங்க, இப்ப அதுக்குப் பேரு கவர் யுவர் ட்ராக்ஸ்.

அதுல என்னோட மெஷின சோதிச்சேன். டைம்சோன்ங்குற வரியில 'இந்தியன்/மொரீஷியஸ்'னு நாட்டு பேரே எழுதியிருந்துச்சு, இந்தியன்னா இங்க இந்து மகாசமுத்திரம். மொழிங்குற வரியில தமிழ், அப்புறம் பிரெஞ்ச், அப்புறம் இங்கிலீஷ். ஓஎஸ் லினக்ஸ். ஃபாண்ட் பட்டியல்ல லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, காட்டமரான்னு நான் ஆசை ஆசையா போட்டு வச்ச எல்லாம் வரிசையா நின்னுச்சு. இப்ப யோசிங்க. இந்தத் தீவுல மொத்தமே 12 லட்சம் சொச்சம் பேரு. உலகத்துலயே டெஸ்க்டாப்புல லினக்ஸ் வச்சிருக்கவங்க நூத்துக்கு நாலஞ்சு பேர்தான். அதுல தமிழ் முதல் மொழியா வச்சு, இத்தனை தமிழ் ஃபாண்ட்டும் போட்டு, மொரீஷியஸ் நேரத்துல உக்காந்திருக்கவங்க எத்தனை பேரு? ஒரு வேன்ல ஏத்திடலாம். சென்னையில இருக்க ஒருத்தருக்கு இது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்ல, அங்க கூட்டம் இருக்கு. நமக்கு கூட்டம் இல்ல.

அதனாலதான் செட்டிங்க மேல மேல மாத்துறது சில சமயம் எதிர்மாறா போகும்னு சொல்றேன், நீங்க மட்டும் போட்டிருக்குற பூட்டு உங்க வீட்டையே காட்டிக் குடுக்கும். உண்மையான தீர்வு எல்லாரும் ஒரே மாதிரி தெரியுறது. தைப்பூச காவடிக்கு நம்ம ஊர்ல எல்லாரும் ரோஸ் கலர்ல வருவாங்கல்ல, தூரத்துலருந்து பாத்தா நம்ம சித்தி யாரு, பக்கத்து வீட்டு அக்கா யாருன்னு சொல்லவே முடியாது. டார் பிரவுசரும் முல்வாட் பிரவுசரும் அந்த மாதிரிதான் செய்யுது. எல்லாரோட பிரவுசரும் ஒரே டைம்சோன், ஒரே ஃபாண்ட் பட்டியல், முழு எண்ணா குறைச்ச அளவுல விண்டோன்னு காட்டும்.

முல்வாட் பிரவுசர் 2023 ஏப்ரல்ல வந்துச்சு, டார் ப்ராஜெக்ட்டும் முல்வாட்ங்குற ஸ்வீடன் விபிஎன் கம்பெனியும் (விபிஎன்னா நம்ம ட்ராஃபிக்க இன்னொரு கம்பெனி சர்வர் வழியா அனுப்புற சேவை) சேர்ந்து செஞ்சது. டார் பிரவுசர்லருந்து டார் நெட்வொர்க்க மட்டும் எடுத்துட்டா கிடைக்கிறதுதான் அது, இலவசம், அவங்க விபிஎன் வாங்கணும்னு கட்டாயமும் இல்ல. ஆனா விபிஎன் இல்லாம ஓட்டுனா உங்க ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்ல உங்க இணைப்போட நம்பர், அப்படியே தெரியும், அத ஞாபகம் வச்சுக்கோங்க. இதுல விண்டோவ ஃபுல் ஸ்க்ரீனா இழுக்காதீங்க, ஆட்-ஆன் சேர்க்காதீங்க, தமிழ முதல் மொழியா வைக்காதீங்க. நம்ம மொழிய மறைக்கச் சொல்றது எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. தினசரி ஃபயர்பாக்ஸ்ல தமிழ் முழுசா இருக்கட்டும், இதுல மட்டும் வேணாம்.

டார் பிரவுசர் சட்டவிரோதம் இல்லையா? தப்பானவங்க பயன்படுத்துறதுதானே?

அது சாதாரண மென்பொருள், பத்திரிகைக்காரங்க, வக்கீலுங்க, வீட்டுல அடி வாங்கிட்டு உதவி தேடுற பொண்ணுங்கன்னு எத்தனையோ பேருக்கு அது தேவைப்படுது. நீங்க கேக்குற பக்கம் மூணு கம்ப்யூட்டர் தாண்டிப் போகும். முதல்ல இருக்குறதுக்கு நீங்க யாருன்னு தெரியும், எங்க போறீங்கன்னு தெரியாது. கடைசியில இருக்குறதுக்கு எங்க போறீங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. அதனால மெதுவாத்தான் இருக்கும், பல சைட்டு நீங்க மனுஷன்தானான்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.

ஒரு உடம்பு பிரச்சினைய பத்தி படிக்கணும், வேலை செய்யுற இடத்துல நடக்குற அநியாயத்துக்கு சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கணும், இதுக்கெல்லாம் டார்தான். சின்ன ஊரு இது, ஒருத்தர் விஷயம் மத்தியானத்துக்குள்ள நாலு தெருவுக்குத் தெரிஞ்சுடும், அதனால இது நமக்கு தேவையான பொருள்னுதான் நான் நினைக்கிறேன். அதுல உங்க ஃபேஸ்புக்லயோ மெயில்லயோ லாகின் பண்ணாதீங்க, பண்ணுன நிமிஷமே நீங்க யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க. லினக்ஸ்ல டார் பிரவுசர் லாஞ்சர்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுவே டவுன்லோட் பண்ணி டிஜிட்டல் கையெழுத்து சரியான்னு பாத்துப் போட்டுடும்.

மொரீஷியஸ்ல இவ்வளவு பயப்பட என்ன இருக்கு?

பயப்படச் சொல்லல, நடந்தத தெரிஞ்சுக்கச் சொல்றேன். 2021 ஏப்ரல்ல நம்ம ஐசிடிஏ, அதாவது தொலைத்தொடர்பு ஆணையம், ஒரு ஆலோசனை அறிக்கை போட்டாங்க. சோஷியல் மீடியாவுக்குப் போற எல்லா ட்ராஃபிக்கையும் ஒரு நடு சர்வர் வழியா திருப்பி, அங்க பூட்ட திறந்து பாத்துட்டு மறுபடி பூட்டி அனுப்புறதுங்குறதுதான் யோசனை. அது நடக்கணும்னா நம்ம ஒவ்வொருத்தர் பிரவுசர்லயும் அவங்க குடுக்குற ஒரு டிஜிட்டல் சான்றிதழ, அதாவது அந்த நடு சர்வர பிரவுசர் நம்ப வைக்கிற கோப்ப, நாம இன்ஸ்டால் பண்ணணும். இங்க ஜனங்க கடுமையா எதிர்த்தாங்க, மொசில்லாவும் கூகுளும் சேர்ந்தே மறுப்பு எழுதி அனுப்புனாங்க, அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரல. இதுக்கு முன்னாடி 2019ல கஜகஸ்தான் இதையே செஞ்சப்போ ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூணும் அந்த சான்றிதழையே தடை பண்ணிட்டாங்க.

பிரவுசர் யார் கையில இருக்குங்குறது எவ்வளவு முக்கியம்னு எனக்கு அன்னிக்குத்தான் முழுசா புரிஞ்சுது. அதனால யாரு சொன்னாலும், ஆபீஸ் வைஃபைக்குன்னாலும், உங்க சொந்த லேப்டாப்ல இந்த மாதிரி ரூட் சான்றிதழ் எதையும் போடாதீங்க. யாராவது போட்டிருக்காங்களான்னு சந்தேகம்னா, ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸ்ல சர்டிஃபிகேட்னு தேடி, அத்தாரிட்டிஸ் பட்டியல்ல பாருங்க.

இன்டர்நெட் கம்பெனிக்கு எவ்வளவு தெரியும்? டிஎன்எஸ்னா என்ன?

நீங்க ஒரு பேரு டைப் பண்ணுனதும் அந்தப் பேருக்கு நம்பர் என்னன்னு கேக்குறதுதான் டிஎன்எஸ். அந்தக் கேள்வி வழக்கமா திறந்த கடுதாசி மாதிரி இன்டர்நெட் கம்பெனிக்குப் போகும். ஃபயர்பாக்ஸ்ல டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்னு ஒரு பகுதி இருக்கு, நம்ம நாட்டுல அத நாமளே ஆன் பண்ணணும். மேக்ஸ்னு இருக்குறத எடுத்து, கிளவுட்ஃபிளேரோ குவாட்9ஓ குடுங்க. குவாட்9 ஸ்விட்சர்லாந்துல இருக்குற லாப நோக்கமில்லாத அமைப்பு, நான் அதத்தான் வச்சிருக்கேன். இது பண்ணுனாலும் நீங்க எந்த ஐபிக்குப் போறீங்கன்னு இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரியும், மொத்தமா மறைஞ்சுடுவோம்னு நினைக்க வேணாம்.

அப்ப விபிஎன் வாங்கட்டுமா?

2024 நவம்பர் 1ஆம் தேதி, தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கப்போ, சோஷியல் மீடியாவ 11ஆம் தேதி வரைக்கும் மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சு ஞாபகம் இருக்கா, அடுத்த நாளே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்கு என் போனுக்கு வந்த கேள்வி எல்லாம் இலவச விபிஎன் எதுன்னுதான். விபிஎன் தடைய தாண்ட உதவும். ஆனா இன்டர்நெட் கம்பெனி பாத்துட்டு இருந்தத இனிமே விபிஎன் கம்பெனி பாக்கும், அவ்வளவுதான் மாற்றம். ஃபிங்கர்பிரிண்ட்ட அது தொடாது. பேரு தெரியாத இலவச விபிஎன்ன மட்டும் போட்டுடாதீங்க, அதுக்கு டார் எவ்வளவோ மேல்.

எங்கருந்து இன்ஸ்டால் பண்றது? ஸ்னாப், ஃபிளாட்பேக், டெப்னு குழப்பமா இருக்கு.

மூணும் லினக்ஸ்ல மென்பொருள் போடுற வேற வேற பேக்கேஜ் முறைங்கதான். மின்ட்ல ஃபயர்பாக்ஸ் கூடவே வரும், அப்டேட் மேனேஜர் பாத்துக்கும், தொட வேணாம். உபுண்டுல 21.10லருந்து ஸ்னாப்பா வருது, மெதுவா திறக்குதுன்னு தோணுனா மொசில்லாவே 2024 ஆரம்பத்துலருந்து டெப் ரெப்போ (பேக்கேஜ் இறக்குற இடம்) நடத்துறாங்க, அதுக்கு மாறிக்கலாம். பிரேவ், லிப்ரவூல்ஃப் எல்லாம் அவங்கவங்க சைட்ல சொல்ற முறைப்படி போடுங்க. தேடல்ல முதல்ல வர்ற விளம்பர லிங்க்க அழுத்தி பிரவுசர் இறக்காதீங்க, போலி அங்கதான் இருக்கும். எதைப் போட்டாலும் அப்டேட் தானா வருதான்னு பாருங்க, பழைய பிரவுசர்ல பிரைவசி பத்தி பேசி பிரயோஜனமே இல்ல.

விவால்டி, குரோமியம், எபிஃபனி?

விவால்டி நல்ல மனுஷங்க செய்யுறது, ஆனா மேல தெரியுற பகுதியோட கோட் முழுசா திறந்ததில்ல. குரோமுக்கு அடிப்படையான குரோமியம்ல கூகுளோட தொடர்பு இன்னும் மிச்சம் இருக்கு, அத வெட்டுன அன்கூகுள்டு குரோமியத்துக்கு அப்டேட் சில சமயம் தாமதமா வருது. எபிஃபனி லேசா அழகா இருக்கும், சில சைட்டு மட்டும் தகராறு பண்ணும்.

தமிழ்ல டைப் பண்ண முடியுமா? மெனு தமிழ்ல வருமா?

ரெண்டும் முடியும். ஐபஸ்ங்குற டைப்பிங் மென்பொருள் போட்டு எம்17என் பேக்கேஜ சேத்தா தமிழ்99, ஃபோனடிக் ரெண்டும் கிடைக்கும். ஃபயர்பாக்ஸ் மெனு தமிழ்லயும் இருக்கு, செட்டிங்ஸ்ல மொழியில போய் தமிழ சேருங்க. எங்க வகுப்பு பிள்ளைங்க வீட்டுல பேசுறது க்ரியோல், ஸ்கூல்ல பிரெஞ்சும் இங்கிலீஷும், தமிழ் ஞாயித்துக்கிழமை மட்டும். மெனு தமிழ்ல இருந்தா 'சேமி', 'திற', 'தேடு'ன்னு தினமும் பத்து சொல்லு கண்ணுல படும். மெனுவோட மொழி வேற, சைட்டுக்கு சொல்ற மொழிப் பட்டியல் வேற. மெனு தமிழ்ல வச்சுக்கிட்டே சைட்டுக்குப் போற பட்டியல்ல இங்கிலீஷ மட்டும் வைக்கலாம், ரெண்டும் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து இருக்கு.

கோவில் ஆபீஸ்ல ஒரே லேப்டாப்ப நாலு பேர் பயன்படுத்துறோம், என்ன பண்றது?

முதல்ல லினக்ஸ்ல நாலு பேருக்கும் தனித்தனி யூசர் கணக்கு. அது முடியலன்னா ஃபயர்பாக்ஸ்ல தனித்தனி ப்ரொஃபைல். பாஸ்வேர்ட்ட ஃபயர்பாக்ஸ்ல சேமிச்சிருந்தா ப்ரைமரி பாஸ்வேர்ட்னு ஒண்ணு கட்டாயம் போடுங்க, அது இல்லன்னா அந்த மெஷின் முன்னாடி உக்கார்ற யாரும் செட்டிங்ஸ்ல போய் எல்லாத்தையும் எழுத்து எழுத்தா படிக்கலாம். நான் ஒரு இடத்துல அப்படித்தான் பாத்தேன், நன்கொடை கணக்கோட பாஸ்வேர்ட் ரெண்டே கிளிக்ல கண்ணு முன்னாடி வந்துச்சு, அங்க உக்காந்திருந்த மாமா முகம் வெளுத்துப் போச்சு. அன்னிக்கே மாத்திட்டோம். புதுசா லினக்ஸ் போடுறப்பவே டிஸ்க்க என்கிரிப்ட் பண்ணவான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க, லேப்டாப் திருட்டுப் போனாலும் உள்ள இருக்குறத திருடன் படிக்க முடியாது.

பேங்க் சைட் திறக்க மாட்டேங்குது, குரோம்தான் வேணும்ங்குது.

சில சைட்டு அப்படித்தான். முதல்ல முகவரிப் பட்டையில இருக்குற கேடயத்த அழுத்தி அந்த சைட்டுக்கு மட்டும் பாதுகாப்ப இறக்கிப் பாருங்க, யூபிளாக்கையும் அந்த சைட்டுக்கு மட்டும் நிறுத்திப் பாருங்க, முக்கால்வாசி அதுலயே சரியாகும். அப்படியும் வரலன்னா அதுக்கு மட்டும் பிரேவ். ஒரு சைட்டுக்காக எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மறந்துடாதீங்க.

எங்க அம்மாவுக்கு எழுபது வயசு, அவங்களுக்கு எதப் போட?

ஃபயர்பாக்ஸ், யூபிளாக், ஸ்டாண்டர்ட் பாதுகாப்பு. ஸ்ட்ரிக்ட் வேணாம், ஒரு சைட் திறக்கலன்னா அவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. குக்கிய அழிக்கிற செட்டிங்கும் வேணாம். எழுத்தோட அளவ பெருசு பண்ணுங்க. சைட்டுங்க நோட்டிஃபிகேஷன் அனுப்பவான்னு கேக்குறத செட்டிங்ஸ்ல மொத்தமா தடுத்துடுங்க, 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்'னு வர்ற பயமுறுத்தல்ல பாதி அந்த வழியாத்தான் வருது. அவங்க தினமும் போற நாலு பக்கத்த மேல பட்டையில வச்சுக் குடுங்க. எங்க அம்மாவுக்கு நான் வச்சது மெயில், வானிலை, தமிழ் நியூஸ் ஒண்ணு, யூடியூப். புயல் வர்ற மாசத்துல வானிலை பக்கத்த முதல் இடத்துக்கு மாத்தி வைப்பேன், மே வந்ததும் அவங்களே யூடியூப்ப முன்னாடி இழுத்து வச்சுக்குறாங்க.